இருதயத்தை ஆயத்தஞ் செய்தல்

ஆண்டவரைச் சந்திக்க இருதயத்தை ஆயத்தஞ் செய்தல் வேண்டுமென்பது நாம் ஆலயத்திற் பலகாலுங் கேட்கும் புத்திமதி. அவ்வாயத்தம் யாதென ஒருவர் வினவின், கண்களை மூடிச் சிறிது நேரம் அமைந்திருத்தலும், ஒரு கீர்த்தனையை உருக்கமாய்ப் பாடுதலுமே நம்மிற் பலர் தரும் விடையாகும். இவை நல்லனவே, எனினும் இவை போதா என்பது நம் கருத்து.

விதைக்கிறவன் உவமையை நாமெல்லாம் அறிவோம். விதை ஒன்றே, விதைப்பவனும் ஒருவனே. வழியருகே வீழ்ந்ததைப் பறவைகள் தின்றன; பாறை நிலத்தில் முளைத்தது வெயிலிற் காய்ந்தது; முள்ளிடை வீழ்ந்தது நெருக்குண்டது; நன்னிலத்தில் வீழ்ந்ததே முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தந்தது. வேற்றுமை நிலத்தின்கண் உள்ளது. அங்ஙனமாயின் தீய நிலம் என்றுந் தீய நிலந்தானோ? அன்று. தரிசாய்க் கிடப்பதை உழுது திருத்துமாறு ஓசியா தீர்க்கதரிசி தம் மக்களை அழைத்தார். நம் வள்ளுவரும் உழவு என்னும் அதிகாரத்தில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது உலரவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் விளையும் என்கிறார். மேலே கீறிவிட்டுச் செல்வது உழவாகாது. அடிமண் புரண்டு வெயிலைக் காணுதல் வேண்டும்.

இருதயத்தை மாற்றுவது தேவ கிருபையன்றோ, மனிதன் செய்யத்தக்கது யாதுளது எனச் சிலர் கேட்கலாம். மழையும் வெயிலும் உழவன் ஆக்குவன அல்ல. விதை முளைக்கும் விதத்தையும் அவன் அறியான். அதுபற்றி அவன் ஏரைப் பரண்மேல் ஏற்றிவிடுவதில்லை. மழையை நம்புகிறவனே முன்னதாக உழுது வைக்கிறான்.

இனி, நம் இருதயத்தில் உழப்படாது கிடக்கும் இடம் எது? கொரிந்து சபையார் கர்த்தருடைய பந்திக்குக் கூடியபோது சிலர் வயிறார உண்டு குடித்தனர், வறியவர் பசித்திருந்தனர். அதனைக் கண்டித்தெழுதும் இடத்திலேதான், பந்திக்கு வருமுன் தன்னைத் தானே ஆராய்ந்து பார்க்குமாறு பவுல் அறிவுறுத்துகிறார். நாமோ அவ்வறிவுரையை அதன் இடத்தினின்றும் பெயர்த்தெடுத்து, நம் அந்தரங்கக் குற்றங்களை மாத்திரம் எண்ணிப் பார்த்து எழுகிறோம். அருகில் முழந்தாளிட்டிருப்பவனை எண்ணுகிறோமில்லை.

தமிழ்நாட்டுத் திருச்சபைக்கு இஃது புதிதன்று. ஆலயத்திற் சாதி பார்த்து வேறு வேறிடத்தில் அமரும் வழக்கம் நிலவிய காலத்தில், கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டுமென 1833ஆம் ஆண்டிற் கட்டளை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் அதனை ஏற்க மறுத்தோர் பலர். அவர்கள் ஜெபிக்க அறியாதவரல்லர். வேதத்தையும் பாட்டையும் நன்கு பயின்றவர்களும் அவருள் இருந்தனர். நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் அவர்கள் ஏரை விடவில்லை.

அவர்களைப் பழித்தல் எளிது. நம் வீட்டில் திருமணப் பேச்சு எழும்போது நாம் முதலில் வினவுவது யாது? விடுதிக்குப் புதிதாய் வந்த மாணவனிடம் ஊரையும் தெருவையும் கேட்பது எதனை அறிதற்பொருட்டு? இவ்வினாக்களுக்கு உண்மையாய் விடை கூறுவோமாயின், அம்மூலை நம்மிடத்தும் தரிசாகவே கிடத்தல் புலனாகும்.

காணிக்கை செலுத்த வந்தவன் தன் சகோதரனுக்குத் தன்மேற் குறையுண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே விட்டுவிட்டு, முதலிற் சென்று அவனோடு ஒப்புரவாக வேண்டுமென்பது நம் இரட்சகர் மலைமேல் அருளிய போதனை. ஆகவே ஆயத்தம் அச்சகோதரன் வீட்டு வாயிலிலே தொடங்குகிறது. லெந்து நாற்பது நாளும் ஊன் துறப்பவர் நம்மிற் பலர். அந்நாட்களுள் ஒன்றிலேனும், நாம் இதுகாறும் விலக்கி வைத்த ஒருவரை அழைத்து, அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்போமாக. அதன்பின் திருவிருந்துக்குச் செல்வோமாக.