நெட்டில் இருந்தால் மண்டையில் வேண்டாமா?

"எதற்கு மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? எல்லாம்தான் நெட்டில் இருக்கிறதே!" புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டின் தமிழ்க் குடும்பங்களில் பொது அறிவுப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறது. ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் அப்பா சொல்கிறார். பத்தாவது படிக்கும் பிள்ளை அதையே நமக்குத் திருப்பிச் சொல்கிறது. தேடினால் கிடைக்கும், ஆகவே தெரிந்திருக்கத் தேவையில்லை என்பது இன்று வேதவாக்கு. சோம்பலுக்கு இதைவிடக் கௌரவமான பெயர் யாரும் வைத்ததில்லை.

சிஞ்ச்வட்டையே எடுத்துக்கொள்வோம். பவனா ஆற்றங்கரையில் கணபதி பக்தர் மோர்யா கோசாவியின் சமாதிக் கோயில். "கணபதி பப்பா மோர்யா" என்று மகாராஷ்டிரமே முழங்குகிறதே, அந்த மோர்யா இவர்தான் என்பது ஊர் நம்பிக்கை. அவர் எந்தக் காலத்தவர் என்று தேடிப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் என்றும் வரும். 17ஆம் நூற்றாண்டுக்காரர் என்றும் வரும். முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களே அதிகம். பக்கத்து ஊரான தேஹுவின் பக்திக் கவி துக்காராம் 1650 வாக்கில் மறைந்தவர் என்பது நினைவில் இருப்பவர் அப்படிப் போகமாட்டார். மோர்யாவின் மகன் சிந்தாமணியைத் துக்காராம் சந்தித்தார் என்கிறது மரபு. கோயிலைக் கட்டியவரும் சிந்தாமணிதான். கல்வெட்டு சொல்லும் காலம் 1658-59. மகன் அந்தக் காலத்தவர் என்றால் அப்பா 14ஆம் நூற்றாண்டில் எப்படிப் பிறந்திருப்பார்? (ஒரே பெயர் பல தலைமுறைகளில் வருவதுண்டு, வழக்கு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.) சந்தேகம் வருவதற்கே கொஞ்சம் சரக்கு உள்ளே இருந்தாக வேண்டும்.

இன்னொன்று, எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுவது. இந்தியா முழுக்கப் பயணம் செய்தும் ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை என்று 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே பேசினாராம். மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கியவர். அந்தப் பிப்ரவரி 2, இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்ற குறிப்பை அவர் கல்கத்தாவில் எழுதிய தேதி. லண்டனில் எப்படிப் பேசியிருப்பார்? பள்ளியில் படித்த ஒரு தேதி போதும், அந்தப் பொய்யை அங்கேயே நிறுத்த. ஆனால் தேடினால் அந்தப் 'பேச்சு' நூறு தளங்களில் கிடைக்கும். "நூறு பேர் சொல்கிறார்களே!" என்பார்கள்.

நூறு பேர் சொன்னால் என்ன? இதே புனேயில் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1917இல் தொடங்கியது. 1919இல் மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பைக் கையில் எடுத்து 1966இல்தான் முடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள். கிரந்தம், மலையாளம், தெலுங்கு, வங்காளம், சாரதா என்று பல எழுத்துகள். தலைமைப் பதிப்பாசிரியர் சுக்தங்கர் 1943இல் மறைந்த பிறகும் வேலை நடந்தது. அங்கே எண்ணிக்கைக்கு மரியாதை கிடையாது. ஒரே மூலத்தைப் பார்த்து எழுதிய பத்து ஏடுகளும் ஒரே சாட்சிதான். எது எதிலிருந்து பிறந்தது என்று வம்சாவளி போட்ட பிறகே பாடபேதத்தைத் தொடுவார்கள். நெட்டில் நாம் செய்வது நேர் எதிர்: ஒன்றைப் பார்த்து ஒன்று ஒட்டிய நூறு பக்கங்களை நூறு சாட்சிகளாக எண்ணுகிறோம். இப்போது செயற்கை நுண்ணறிவு அந்த நூறையும் அரைத்து, சந்தேகத்தின் சுவடே இல்லாத ஒரே பத்தியாகத் தருகிறது.

நெட்டைக் குறை சொல்லவில்லை. 1998 முதல் மதுரைத் திட்டம் இணையத்தில் ஏற்றிவரும் தமிழ் நூல்கள் இல்லாவிட்டால், சிஞ்ச்வட்டில் இருந்துகொண்டு சங்க இலக்கியம் படிப்பது பெரும்பாடு. நூலகம் வீட்டுக்கு வந்தது வரம்தான். வந்ததாலேயே நாம் படித்தவர்களாகிவிட்டோம் என்பதுதான் பொய். 'அதற்காக மனப்பாடமா?' என்பவர்களுக்கு: தேர்வுக்காக ஆயிரம் விடைகளை உருப்போடுவதை நானும் ஆதரிக்கவில்லை. யார் முன், யார் பின், எந்த ஊர் எங்கே என்ற சட்டகம் மனதில் வேண்டும், அவ்வளவே.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். லோக்கல் ரயிலில் ஏறி சிவாஜிநகரில் இறங்கினால், லா காலேஜ் சாலையில் இருக்கும் பண்டார்கர் நிறுவனம் தூரமில்லை. ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப் போய் அந்தக் கட்டடத்தையாவது காட்டுங்கள். அதற்கு முன்பு, மோர்யா கோசாவி எந்தக் காலத்தவர் என்று அவர்களிடம் கேளுங்கள். போனைப் பார்த்துப் பதில் சொன்னால், "அது எப்படித் தெரியும்?" என்று இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள்.