பிரிக்கப்படாத கடிதமும் வாடகைப் பாக்கியும்



இங்கிலாந்தில் கவுன்சில் வீடுகளில் வாழும் நம் மக்களில் சிலருடைய இல்லங்களில், கவுன்சிலின் வாடகைப் பிரிவிலிருந்து வந்த கடிதங்கள் பிரிக்கப்படாமலேயே கிடக்கின்றன. உள்ளே என்ன இருக்கும் என்பது தெரியும். தெரிந்ததனால்தான் அவர்கள் பிரிப்பதில்லை.

வாடகை கட்டாதவரைப் பொறுப்பற்றவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். பாக்கி எவ்வாறு உருவாகிறது என்று பார்த்தால் அவ்வாறு சொல்ல நா எழாது. வேலையிழந்த ஒருவர் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், முதல் தொகை கைக்கு வர ஐந்து வாரங்கள் ஆகும். கவுன்சில் வாடகையோ பெரும்பாலும் வாரந்தோறும் ஏறிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு 120 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், முதல் பணம் வருமுன்பே 600 பவுண்டு பாக்கி. இடையில் முன்பணம் கேட்டுப் பெறலாம், அதுவும் கடனே. அடுத்து வரும் மாதங்களின் தொகையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். மகன் திருமணமாகித் தனிக்குடித்தனம் சென்றுவிட்டால், அவன் உறங்கிய அறை உபரி அறையாகிவிடுகிறது. 2013 ஏப்ரல் முதல், உழைக்கும் வயதினருக்கு ஓர் உபரி அறைக்காக, உதவிக்குக் கணக்கிடப்படும் வாடகையில் 14 சதவீதமும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதமும் குறைக்கப்படுகின்றன. முன்பு வாடகை உதவி நேரே கவுன்சிலின் கணக்கில் சேர்ந்தது. யூனிவர்சல் கிரெடிட்டில் அது பொதுவாகக் குடியிருப்பவரின் கைக்கே வருகிறது. வந்த அன்றே மின்கட்டணமும் மளிகைக் கடனும் எதிரே நிற்கின்றன.

கவுன்சிலின் பக்கமும் நியாயம் உண்டு. வாடகை வரவையும் வீடுகளின் பராமரிப்புச் செலவையும் தனிக் கணக்காக வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். ஒரு வீட்டின் வாடகை வராவிட்டால், ஒழுகும் கூரையோடு காத்திருக்கும் அண்டை வீட்டாரும் பாதிக்கப்படுவர். ஆகவே பாக்கியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் வாரம் தவறியபோதே ஒரு மனிதர் தொலைபேசியில் அழைத்து, இவர்களுக்குப் புரியும் மொழியில் பேசவேண்டும் என்றுதான் கேட்கிறேன். வழக்குத் தொடருமுன் குடியிருப்பவரோடு பேசி, அவரால் இயலும் தவணையை முடிவு செய்ய முயலவேண்டும் என்று நீதிமன்ற நெறிமுறையே எதிர்பார்க்கிறது. நடைமுறையிலோ, கணினி அச்சிட்ட கடிதங்களே பல வேளைகளில் அந்தப் பேச்சின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

அக்கடிதங்களைப் பல வீடுகளில் படித்துச் சொல்வது யார் தெரியுமா? பள்ளியில் படிக்கும் பிள்ளை. வீட்டைத் திரும்பப் பெறப்போகிறோம் என்னும் அறிவிப்பை ஒரு சிறுமி தன் உம்மாவுக்கு மொழிபெயர்க்கவேண்டியிருக்கிறது. உம்மா அஞ்சுவாரே என்று அவள் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். அந்தப் பாதியில்தான் வழக்கு விசாரணையின் தேதி இருக்கிறது.

விசாரணைக்குச் செல்லாதிருப்பதுதான் பெருங்கேடு. நிலையான உரிமையுள்ள கவுன்சில் குடியிருப்பாளரைப் பாக்கிக்காக வெளியேற்றுவது நியாயம்தானா என்று நீதிபதி எடைபோட்டுப் பார்க்கவேண்டும். நடப்பு வாடகையோடு சிறு தவணையும் கட்டினால் போதும் என்று ஆணையை நிறுத்திவைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வராதவரின் நிலையை அவரிடம் எடுத்துரைப்பது யார்? வெளியேற்றப்பட்டபின், தாமாகவே வீடிழந்தவர் என்று கவுன்சில் முடிவு செய்துவிட்டால், நிலையான வீடு தரும் கடமையும் அதற்கு இல்லாமற்போகும். இதற்கு அஞ்சி வட்டிக்கு வாங்கி வாடகை கட்டுவோரும் உண்டு. அவர்கள் ஒரு கடனை இரண்டாக்கிக் கொள்கிறார்கள்; மார்க்கம் விலக்கிய ஒன்றிலும் கால் வைக்கிறார்கள்.

நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்குர்ஆன் (2:280) கூறுகிறது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர். இவற்றை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். ரமழானில் திரளும் ஸகாத்தைப் பங்கிடும்போது, அடுத்த தெருவின் வாடகைப் பாக்கி எத்தனை நிர்வாகக் குழுக்களின் நினைவுக்கு வருகிறது?

பணம் கொடுக்க இயலாத ஜமாஅத்தும் ஒன்று செய்யலாம். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசையைப் போட்டு, ஆங்கிலம் அறிந்த இருவரை அமரவைக்கலாம். பெண்களுக்குத் தனியே ஒரு சகோதரி இருக்கட்டும். கடிதத்தைப் பிரித்துப் படித்து, அங்கிருந்தே கவுன்சிலை அழைத்துத் தவணை பேசலாம். தகுதியுள்ள கடன் ஆலோசகரிடம் அனுப்பினால், 2021 மே முதல் நடைமுறையிலுள்ள திட்டத்தின்படி, பழைய பாக்கிக்கான நடவடிக்கைகளை 60 நாட்கள் நிறுத்திவைக்க அவர் ஏற்பாடு செய்யக்கூடும். அந்நாட்களில் நடப்பு வாடகையை மட்டும் தவறாமல் கட்டிவரவேண்டும். இதை அந்த மேசையிலேயே அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.