கோல்ப் ஆசானுக்கு எதற்கு ஆட்டப் பரீட்சை?

நன்றாக ஆடுவது வேறு, நன்றாகக் கற்பிப்பது வேறு. எந்தக் கலைக்கும் பொருந்தும் இந்த எளிய உண்மையை, கோல்ப் விளையாட்டின் பயிற்றுவிப்பாளர்களுக்கு முத்திரை குத்தும் நிறுவனங்கள் மட்டும் ஏற்க மறுத்து வருகின்றன. அவற்றுள் தலையாயது ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை கோல்ப் சங்கம். 1916 இல் நியூயோர்க்கில் தோற்றுவிக்கப்பட்ட, சுருக்கமாக பி.ஜி.ஏ. என வழங்கப்படும் இச்சங்கத்தின் சான்றிதழுக்கு உலகெங்கும் மதிப்புண்டு. அச்சான்றிதழ் உண்மையில் எதற்குச் சாட்சி சொல்கிறது என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் கோல்ப் கற்பிக்க அரசாங்க அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. ஆகவே கற்க வருபவர் பெரிதும் நம்புவது சங்கத்தின் முத்திரையைத்தான். அம்முத்திரையை நாடுவோரை வாசலிலேயே மறித்து நிற்பது ஆட்டத்திறன் பரீட்சை. ஒரே நாளில் 36 குழிகள் ஆட வேண்டும். மைதானத்தின் தரமதிப்பை இரட்டித்து, அதனுடன் 15 ஐக் கூட்டினால் வருவதே இலக்கு. தரமதிப்பு 72 எனில் 159 அடிகளுக்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும். பிற்காலத்தில் சில தளர்வுகள் வந்தபோதிலும் நெடுங்காலம் நிலைத்த விதி இதுவே. தோற்றுவோரில் ஐந்திலொரு பங்கினர்கூடச் சித்தியடைவதில்லை என்பது சங்கமே வெளியிட்ட கணக்கு. தவறியவர் மீண்டும் பணம் கட்டி மீண்டும் தோற்றலாம்.

கற்பித்தல் பற்றிய பாடங்கள் சங்கத்தின் பாடத்திட்டத்தில் இல்லையென்று சொல்லவில்லை. விதிகள், கழக நிருவாகம், கடை வியாபாரம் ஆகியவற்றோடு அதுவும் உண்டு. ஆனால் பொறுமையும் கூர்ந்த பார்வையும் உள்ள ஒருவர், ஒரு காற்றடித்த நாளில் 160 அடிகள் ஆடிவிட்டால் அவருக்கு வாசல் திறவாது. 158 இல் முடித்தவர், ஒரு தொடக்கநிலை மாணவரின் கையை ஒருநாளும் பிடித்துத் திருத்தியிராதபோதிலும் உள்ளே போகலாம்.

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?" என்று வாதிடுவோர் உளர். சரி, இருக்கட்டும். ஆனால் சட்டியில் இருப்பதைப் பசித்தவனின் இலைக்குச் சேர்ப்பது இன்னொரு கலையல்லவா? டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் சிறுவனாகப் பை சுமக்கத் தொடங்கி, 1923 இல் அதே கழகத்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளரானவர் ஹார்வி பெனிக். அவரது பெயரை நிலைநிறுத்தியவை அவர் வென்ற கிண்ணங்கள் அல்ல, அவரிடம் கற்றவர்கள் வென்றவை. 1992 இல் அமெரிக்கத் திறந்த போட்டியை வென்ற ரொம் கைற்றும், 1984 இலும் 1995 இலும் மாஸ்ரர்ஸ் போட்டியை வென்ற பென் கிரென்ஷோவும் அவரிடம் வளர்ந்தவர்கள். ஒருவருக்குச் சொல்லும் பாடத்தை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க அவர் அனுமதிப்பதில்லை. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகலாம் என்பதை அறிந்தவர் அவர். இந்த அறிவை 36 குழிகளில் எங்கே சோதிப்பீர்கள்?

சான்றிதழ் பெற்றோர் கற்பித்ததாவது சரியாக இருந்ததா? பந்து எத்திசையில் புறப்படும் என்பதை மட்டை வீசப்படும் பாதையே தீர்மானிக்கிறது. எப்பக்கம் வளையும் என்பதை மட்டையின் முகம் தீர்மானிக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்ட பாடம் இது. சங்கத்தின் 1990 ஆம் ஆண்டுக் கற்பித்தல் கையேடும் இதையே சொன்னது. உண்மையோ வேறு. பந்து பெரும்பாலும் மட்டையின் முகம் நோக்கும் திசையிலேயே புறப்படுகிறது. பிரித்தானியாவில் கொக்ரனும் ஸ்ரொப்ஸும் 1968 இல் வெளியிட்ட ஆய்வு நூலிலேயே இதற்கான சான்று இருந்தது. 2000களில் ராடர் கருவிகள் பயிற்சித் திடல்களுக்கு வந்து பந்தின் பறப்பை அளந்து காட்டிய பின்னரே பழைய பாடம் கைவிடப்பட்டது. "எதிரே மரம் நின்றால் முகத்தைக் கொடியை நோக்கி வைத்து, மரத்திற்கு வெளியே வீசு" என்ற அறிவுரையைக் காசு கொடுத்துக் கேட்டவரின் பந்து நேரே போய் மரத்தில் மோதியது. பழி மட்டும் மாணவனின் வீச்சின்மேல் விழுந்தது.

இச்சங்கத்தின் வாசல் யாரை நோக்கிச் சாத்தப்பட்டிருந்தது என்ற வரலாறும் மறக்கத்தக்கதல்ல. 1928 இல் உறுப்பினரான கறுப்பினத்தவர் டியூவி பிரவுன், 1934 இல் நீக்கப்பட்டார். வெள்ளையருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற விதி அதே ஆண்டு முதல் நின்று நிலைத்தது. கல்லூரிப் பட்டதாரியான பில் ஸ்பில்லர் புகையிரத நிலையத்தில் பயணிகளின் பொதி சுமந்தார். போட்டிகளில் மட்டுமன்றி, கழகங்களில் பயிற்றுவிப்பாளராகவும் அவருக்கு இடமில்லை. கலிபோர்னியச் சட்டமா அதிபர் ஸ்ரான்லி மொஸ்க் நெருக்கிய பின்னரே, 1961 இல் அவ்விதி அகற்றப்பட்டது. ஸ்பில்லருக்கு உறுப்புரிமை 2009 இல் கிடைத்தது. அப்போது அவர் உயிருடன் இல்லை. தரத்தைக் காக்கவே வாசற்காவல் என்று சொல்லும் எந்தச் சங்கத்தையும் இக்கதையை நினைவில் வைத்தே நாம் எடைபோட வேண்டும்.

அப்படியானால் ஒரு வார காலத்திற்குள் பயிற்றுவிப்பாளர் ஆக்கிவிடும் அமைப்புகளிடம் போகலாமா? வேண்டாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரு நாள் ஆட்டமும் ஒரு வார வகுப்பும் ஒரே தவறின் இரு முகங்களே. இரண்டிலும் காணாமற் போயிருப்பவர் மாணவர்.

என் கோரிக்கை எளியது. சான்றிதழ் கேட்டு வருபவரிடம் மட்டை பிடித்தறியாத மூவரை ஒப்படையுங்கள். ஒரு சிறுமி, ஒரு நடுவயதினர், ஒரு முதியவர். ஆறு மாதம் கழித்து அம்மூவரையும் ஆடவிட்டுப் பாருங்கள். அவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள், எத்தனை பேர் இன்னும் ஆசையோடு ஆடுகிறார்கள் என்பதற்கே புள்ளி வழங்குங்கள். செலவு கூடும் என்பார்கள். இன்று அந்தச் செலவை மாணவர்கள் அல்லவா கட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகளை இவ்விளையாட்டிற்கு அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்றுவிப்பாளரின் சுவரில் தொங்கும் சான்றிதழை வாசித்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். அவரிடம் ஓராண்டு கற்ற பிள்ளை ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.