தலை என்ன அசையாச் சொத்தா?

போன மாதம் லவ்டேலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று மாதக் குழந்தை. மலைக் குளிருக்குக் கம்பளிக் குல்லா, ஸ்வெட்டர், மேலே இரண்டு போர்வை. தலைக்கடியில், மாமியார் தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணை. இரண்டு பக்கமும் சுருட்டி வைத்த துணி. பாவம், குழந்தை கண்ணை மட்டும்தான் உருட்ட முடியும்!

'ஏம்மா இப்படி?' என்றேன்.

'இல்லேன்னா தலை சப்பையாயிடுமாம் சித்தப்பா.'

நான் பி.காம்., டாக்டர் இல்லை. ஆனால், அசையும் சொத்து எது, அசையாச் சொத்து எது என்று தெரியும். தலை சப்பையாவதே, அசையாமல் ஒரே இடத்தில் அழுந்துவதால்தான். அந்த வயதில் மண்டை எலும்பு இளசு. அதற்கு இரண்டு பக்கமும் அணை கட்டிவிட்டு, உருண்டையாக வரும் என்று காத்திருப்பது என்ன கணக்கு?

'குப்புறப் போட்டுத் தூங்க வை' என்று இன்னொரு யோசனை வரும். கூடவே கூடாது! அமெரிக்காவில் 1994-ல் 'குழந்தையை மல்லாக்கத் தூங்க வையுங்கள்' என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. சப்பைத் தலைகள் கூடின, உண்மைதான். சப்பைத் தலையோடு குழந்தை வளரும். மூச்சு நின்றால்?

தலையணை, துணிச் சுருள், முகத்துக்கு ஏறும் போர்வை... எல்லாமே மூச்சுக்கு எமன். தலைக்கு வடிவம் தருவதாகச் சொல்லும் தலையணைகளைப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022-ல் எச்சரித்தது. இங்கே அதே சரக்கைப் பரிசுப் பொருளாக ரிப்பன் கட்டி விற்கிறார்கள்! குளிருகிறதா? கூட ஒரு சட்டை போடுங்கள். தூங்கும்போது குல்லா வேண்டாம். எண்ணெய் தேய்க்கும்போது மண்டையைப் பிடித்து உருட்டவும் வேண்டாம். அது பரோட்டா மாவு இல்லை.

செய்யவேண்டியதற்குப் பைசா செலவில்லை. மல்லாக்கத் தூங்க வையுங்கள். இன்று தலை வைத்த பக்கம் நாளை கால். ஜன்னல் வெளிச்சத்தைத் தேடி அதுவே கழுத்தைத் திருப்பும். விழித்திருக்கும்போது, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு குப்புறப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிஷம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. சிணுங்கினால் தூக்கிக்கொண்டு, அப்புறம் மறுபடி. தோளில் போட்டுக்கொள்ளுங்கள், தாத்தாக்கள் எதற்கு இருக்கிறார்கள்? உட்கார ஆரம்பித்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். கழுத்து ஒரே பக்கம்தான் திரும்புகிறது, தலையில் வரப்பு மாதிரி மேடு தட்டுகிறது என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

லவ்டேல் பெண் தலையணையை எடுத்துவிட்டாள். 'அத்தை கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும் சித்தப்பா' என்றாள். சொல்லிவிட்டேன். அந்த அம்மா வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்.