சிகண்டிக்கு இன்னொரு கதை

“சின்னப் பிள்ளைகள் படிக்கிற மாயாஜாலக் கதையில் திருநங்கை, திருநம்பி எல்லாம் எதற்கு?” நம் வயதுக்காரர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். கட்டுமாவடித் தேநீர்க் கடையிலும் இந்தப் பேச்சு வந்தது. கேள்வியே தப்பு என்பது என் கட்சி.

பேச்சுக்குக் காரணம் என் பேத்தி படித்த ஓர் ஆங்கில நாவல். ஏய்டன் தாமஸ் எழுதி 2020-ல் வந்த ‘செமெட்ரி பாய்ஸ்’. லாஸ் ஏஞ்சலஸில் வாழும் லத்தீன் அமெரிக்கக் குடும்பம். அந்தக் குலத்தில் ஆண்கள் ஆவிகளைக் கரையேற்றுவார்கள், பெண்கள் நோய் தீர்ப்பார்கள். யாத்ரியேல் ஒரு திருநம்பி. ஆண்களுக்குரிய சடங்கை வீட்டார் அவனுக்குச் செய்ய மறுக்கிறார்கள். அவனே ரகசியமாகச் செய்துகொண்டு ஓர் ஆவியை வரவழைத்துவிடுகிறான். எழுதியவரும் திருநம்பிதான், அதே வம்சாவளி. (பேத்திக்குப் பிடித்தது என்னவோ அந்த ஆவி!)

இதைப் படித்தால் பிள்ளைகள் மனம் மாறிவிடுமாம். விராடன் மகளுக்குப் பிருகன்னளை நாட்டியம் சொல்லித்தந்த கதையைக் கேட்டுத்தானே நாம் வளர்ந்தோம்? நம்மில் எத்தனை பேர் மாறினோம்? சிகண்டி யட்சனிடம் ஆண் உருவை வாங்கியதையும் பாட்டிமார் ஒளிக்கவில்லை.

ஆனால் அந்தச் சிகண்டிக்குப் பாரதப் போரில் கிடைத்த வேலை என்ன? அருச்சுனன் அம்பு விட முன்னால் நிற்கும் மறைப்பு. கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் மறுநாளே அதை அறுத்து அழுகிறார்கள். அது அவர்கள் வழிபாடு, அதில் நான் தலையிடவில்லை. சு.சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’யும் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வும் பட்ட துன்பத்தைச் சொல்கின்றன, சொல்லத்தான் வேண்டும். சினிமாவோ கேலிக்கு மட்டும் கூப்பிடுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு தெரிந்தால் போதுமா?

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ழூல் வெர்ன் கதையில் உலகைச் சுற்றிவரும் வெள்ளைக்காரர்கள், அவுதா என்ற இந்தியப் பெண்ணை உடன்கட்டைச் சிதையிலிருந்து மீட்டு வருவார்கள். படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அவருடைய ‘மர்மத் தீவு’ கைக்கு வந்தது. நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் நெமோ, புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார் என்று அதில் தெரிந்ததும் வகுப்பில் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. நம்மைப்போல ஒருவன் கப்பலே ஓட்டுகிறான்! அந்தச் சந்தோஷத்தை இன்னொரு பிள்ளைக்கு மறுக்க நாம் யார்?

தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. விண்ணப்பப் படிவத்தில்கூட ஒரு கட்டம் சேர்ந்துவிட்டது. நான் தேடிய நூலகத்தின் சிறுவர் அலமாரியில் ஒரு புத்தகம் சேரவில்லை.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நம் கடலில் ஆளில்லாமல் இரவில் வரும் ஒரு நாட்டுப்படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிந்து அதில் ஏறுகிறவள் ஒரு திருநங்கை. ஒரே நிபந்தனை: கடைசி அத்தியாயத்தில் அவளைச் சாகடிக்கக் கூடாது.