பிளேட்டோடு நிறுத்தாதீர்கள்
நான்காவது கியரில் மேடேறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறது, ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி மட்டும் வேகமெடுக்க மறுக்கிறது என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. பழைய ஸ்விஃப்ட் டீசலே 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். இன்ஜின் மென்பொருளை ரீமேப் செய்து அதை இன்னும் கூட்டுகிறவர்கள், அதைத் தாங்க வேண்டிய கிளட்சை மறந்துவிடுகிறார்கள். ஸ்லிப் ஆகும் கிளட்சை மாற்ற கியர்பாக்ஸை இறக்கிய பிறகு கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றுவது சிக்கனமே அல்ல. பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். ஃப்ளைவீலில் சூட்டால் நீலம் பாய்ந்திருக்கிறதா, கிராங்க் ஆயில் சீல் கசிகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். கசிவை விட்டுவைத்தால் புதுப் பிளேட்டும் எண்ணெய் பட்டு வழுக்கும். நெரிசலில் ஓட்டுகிறவருக்கு ரேஸ் கிளட்ச் வேண்டவே வேண்டாம். பெடல் கனக்கும், வண்டி குலுங்கிக் குலுங்கிக் கிளம்பும்.