சேற்றில் நிற்பவர்களின் கணக்கு

நெல் வயலும் பூமியைச் சூடாக்குகிறது என்கிறது விஞ்ஞானம். பொய்யில்லை. தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குள் காற்று போவது நின்றுவிடும். காற்றில்லாத அந்தச் சேற்றில்தான் ஆர்க்கியா என்கிற நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். மக்கிய தழை, வைக்கோல், வேர்க்கசிவு எல்லாம் கடைசியில் அவற்றிடம் வந்து மீத்தேன் ஆகிறது. சாண எரிவாயுக் கலத்துக்குள் நடக்கிற அதே வேலை. நெற்பயிரின் உடம்புக்குள் இருக்கும் காற்றறைகளே அதற்குப் புகைபோக்கி. வேரோரத்தில் மீத்தேனைத் தின்கிற பாக்டீரியாக்களும் உண்டு. தின்றது போக மீதி வானத்துக்கு. 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றும். மண் சூடாகச் சூடாக இந்த உயிர்களின் வேகமும் கூடும்.

மாற்று உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலும். மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. தண்ணீர் இறங்கும்வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. காற்று உள்ளே போகும், மீத்தேன் பாதிவரைகூடக் குறையும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் மட்டும் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடைக் கிளப்பிவிடும். நல்ல முறைதான். நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் தோழர்களே, தண்ணீர் நின்றால் களை அமுங்கும், காய்ந்தால் எழும். களை பறிக்கிறது யாரு? சேரிப் பெண்கள். கூலி கொடுக்க மனசில்லாத மிராசுதார் களைக்கொல்லி அடிப்பார். அந்த வேலையும் போச்சு. மீத்தேனை அளக்கிற கருவிக்கு இடுப்புவலி தெரியாது, சேற்றுப்புண் தெரியாது.

குறைத்த மீத்தேனுக்குக் 'கார்பன் வரவு' என்று காசும் பேசுகிறார்கள். அது யார் பேரில் வரும்? வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன்: பயிர்க்கடனுக்கு வருகிறவரிடம் முதலில் கேட்பது சிட்டா, அடங்கல். எத்தனை வருஷம் வயலில் குனிந்தாய் என்று கேட்கிற படிவம் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்கு 16-க்கு மேல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் சாகுபடி செய்யும் பரப்பு நூற்றுக்கு 9-கூட இல்லை. பஞ்சமி நிலம் போன கதை தனி.

அரைப்படி நெல் கூலி உயர்வுப் போராட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அதே நெல்லுக்கு இன்று புதுசாக ஒரு விலை வருகிறது. அதில் களையெடுக்கிற கைக்குப் பங்கு எவ்வளவு என்பதைத் திட்டம் எழுதும்போதே எழுத வேண்டும். பஞ்சமி நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். சூழலியல் கூட்டங்களுக்குப் போகிற மாணவர்கள் இந்த இரண்டையும் அங்கேயே எழுந்து கேளுங்கள்.